ஃபிளமென்கோ கிதாரை வீட்டில் செய்வது

வணக்கம் நேயர்களே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆசாரி குடும்பத்தில் பிறந்தவன் இல்லை, கிதார் வாசிப்பிலும் கெட்டிக்காரன் இல்லை. பகலில் அலுவலகம், ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் மரத்தூள். ஸ்பெயின் நாட்டு ஃபிளமென்கோ கிதாரைக் கையால் செய்துபார்க்கும் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று யாரோ சொல்லித்தான் வானொலி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள்.

கிதார் கடையில் விற்பவர் ஒரு கம்பியை மீட்டிவிட்டு, "சத்தம் எவ்வளவு நேரம் நிக்குது பாருங்க சார்" என்பார். மற்ற கிதாருக்கு அது சரி. ஃபிளமென்கோ கிதாருக்கு அப்படி நின்றால் ஆகாது. சுரம் பட்டென்று எழும்ப வேண்டும், சட்டென்று அடங்க வேண்டும். இந்தக் கிதார் தனிக்கச்சேரிக்காகப் பிறந்ததில்லை, தென் ஸ்பெயினின் ஃபிளமென்கோ பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் துணையாக வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் செவில்லா, ஹெரெஸ், காதிஸ் ஊர்களின் காஃபேக்களில் பாடகர் அடித்தொண்டையில் பாட, ஆடுகிறவர் ஆணி அடித்த செருப்பால் மரமேடையை மிதிக்க, சுற்றி இருப்பவர்கள் கைதட்டித் தாளம் போட, இதற்கெல்லாம் நடுவில் மைக் இல்லாமல் ஒரு கிதார் கேட்க வேண்டும். வலது கை விரல்களை ஒவ்வொன்றாக உதறிக் கம்பிகளின்மேல் வரிசையாக இறக்குவார்கள், ரஸ்கெயாதோ என்று பெயர். அந்த வேகத்தில் ஒவ்வொரு சுரமும் நீண்டு நின்றால் எல்லாம் கூழாகிவிடும்.

செய்கிறவனுக்கு இது ஒன்று புரிந்துவிட்டால் போதும், மற்ற அளவுகள் எல்லாம் இதன் பின்னாலேயே வரும். கிதார் எடை குறைவாக இருக்க வேண்டும், பலகை மெல்லியதாக இருக்க வேண்டும், உடலின் ஆழம் கிளாசிக்கல் கிதாரைவிடக் கொஞ்சம் குறைய வேண்டும். நல்ல வெள்ளைக் கிதார் ஒன்று, அதாவது சைப்ரஸ் மரத்தில் செய்த பிளாங்கா, சுமார் 1.2 கிலோதான் வரும். கையில் வாங்குகிறவர்கள் உள்ளே ஏதாவது குறைகிறதா என்று பார்ப்பார்கள்.

சைப்ரஸ் ஸ்பெயினில் சாதாரண மரம், கல்லறைத் தோட்டங்களில் நெடுநெடுவென்று நிற்குமே, அதுதான். ரோஸ்வுட், நம் ஈட்டி மரத்தின் இனம், கப்பலில் வந்து விலையோடு விற்றது, உள்ளூர் சைப்ரஸ் மலிவு, கையில் காசில்லாத வாசிப்பாளர்கள் அதை வாங்கினார்கள் என்று ஒரு விளக்கம் எல்லோரும் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் வசதி வந்த பிறகும் அவர்கள் சைப்ரஸை விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இலேசான மரம், அதில் வரும் சத்தத்துக்கு ஓர் உலர்ந்த கடுமை உண்டு, அது அவர்களுக்கு வேண்டியிருந்தது.

இன்றைய கிதாரின் உருவத்தைத் தீர்மானித்தவர் அந்தோனியோ தெ தோரெஸ், 1817இல் அல்மெரியா பக்கம் பிறந்த தச்சர். மேல்பலகையின் உட்புறத்தில் விசிறிபோல் விரியும் மெல்லிய சட்டங்களை ஒட்டுவதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் அவர். 1862இல் பக்கமும் முதுகும் காகிதக் கூழ் அட்டையில் செய்து, மேல்பலகை மட்டும் நல்ல மரத்தில் போட்டு ஒரு கிதார் கட்டினார். சத்தத்துக்கு மூலம் மேல்பலகைதான் என்று காட்டுவதற்காக. அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இவரைப்பற்றி எனக்குப் பிடித்த சங்கதி வேறு. நடுவில் சில ஆண்டுகள் தொழிலையே விட்டுவிட்டு அல்மெரியாவில் பீங்கான் கடை வைத்தார், அப்புறம் கடையைப் பார்த்துக்கொண்டே மிச்ச நேரத்தில் கிதார் செய்தார். அமெச்சூர் என்று நம்மைச் சொல்லிக்கொள்ள இனி என்ன கூச்சம்?

சரி, வேலைக்கு வருவோம். ஸ்பெயின் முறையில் கிதாரைக் குப்புறப் படுக்கவைத்துத்தான் கட்டுவார்கள். அடியில் கிதார் வடிவத்தில் ஒரு கனமான பலகை, சொலேரா என்று பெயர், மேல்பலகை உட்காரும் இடம் லேசாகக் குழிந்திருக்கும். கழுத்தைத் தனியாகச் செய்து கடைசியில் திருகு போட்டு மாட்டுவது இங்கே கிடையாது. கழுத்தின் அடிக்கட்டையில் இருபுறமும் ரம்பத்தால் பள்ளம் அறுத்து, பக்கப்பலகைகளை அதிலேயே செருகி ஒட்டிவிடுவார்கள். ஒட்டினால் ஒட்டியதுதான், பிறகு கழுத்தின் கோணத்தை மாற்ற முடியாது. அதனால் கம்பி எவ்வளவு உயரத்தில் ஓடும் என்ற, கடைசி நாள் தெரியவேண்டிய விஷயத்தை, முதல் வாரமே முடிவு செய்துவிட வேண்டியிருக்கிறது.

மேல்பலகையில் கம்பிகளைக் கட்டும் கட்டைக்குப் பிரிட்ஜ் என்று பெயர். கிளாசிக்கல் கிதாரில் அதன் பக்கத்தில் கம்பி மேல்பலகையிலிருந்து 10, 11 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். ஃபிளமென்கோவில் 8 போதும், 7 ஆனால் இன்னும் நல்லது. வாசிக்கும்போதே மோதிர விரல் நகத்தால் பலகையைத் தட்டித் தாளம் போடுவார்கள், கம்பி உயரமானால் விரல் பலகைக்கு எட்டாது. இதைக் கொண்டுவர, கழுத்தை மேல்பலகையின் தளத்துக்கு நேராக வைக்காமல் தலைப்பக்கத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னால் சாய்க்க வேண்டும். விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட், 12ஆவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதி. அந்த இடத்தின் உயரத்தை அசைக்காமல் நட்டுப் பக்கம், அதாவது தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் துண்டு இருக்கும் முனை, ஒரு மில்லிமீட்டர் முன்னே கொண்டுவந்தால், பிரிட்ஜ் பக்கம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இறங்கும். சாதாரணத் தராசுக் கணக்கு. இதைப் படம் வரைந்து, கீழே நேர்கோட்டு இரும்புச் சட்டம் வைத்துப் பார்த்து, சொலேராவின் கழுத்துப் பக்கத்தைச் சீவி இறக்கிய பிறகுதான் வஜ்ரப் பசையைக் காய்ச்ச வேண்டும்.

ஃப்ரெட் கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கம்பி நீளம் 650 மில்லிமீட்டர் என்றால் 17.817ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் 36.48இல் விழும். மிச்ச நீளத்தை மறுபடி வகுத்துக்கொண்டே போக வேண்டும். பழைய ஆட்கள் 18ஆல் வகுத்தார்கள், கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலேயி எழுதிவைத்த வழி அது. அப்படிச் செய்தால் 12ஆவது ஃப்ரெட் 325க்குப் பதில் 322.6இல் வந்து நிற்கும்.

இனி மேல்பலகை. ஐரோப்பிய ஸ்புரூஸ் மரம், நடுவில் பிளந்து புத்தகம்போல் விரித்து ஒட்டிய இரண்டு பாதி. வாங்கும்போது நாலு மில்லிமீட்டருக்கு மேலேயே இருக்கும், அதை இழைப்புளியால் சுமார் 2 மில்லிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு ஒரே அளவு என்று சொல்ல மாட்டேன், சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். ஒரு மரம் 2.3இல் போதும் என்னும், இன்னொன்று அதே கனத்தில் விறைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு விளிம்பையும் பிடித்துக் குறுக்குவாட்டில் வளைத்துப் பார்க்க வேண்டும், கொஞ்சம் சீவ வேண்டும், மறுபடி வளைக்க வேண்டும். அப்புறம் தட்டிக் கேட்க வேண்டும். வானொலி என்பதால் இரண்டு துண்டு கொண்டுவந்திருக்கிறேன், ஒரே பலகையில் அறுத்தவை. மேல்முனையிலிருந்து கால்வாசி தள்ளி இரண்டு விரலால் தளர்வாகத் தொங்கவிட்டு நடுவில் தட்டுகிறேன். இது இழைக்காதது... கேட்டீர்களா, மேலே போய் நிற்கிற ஒரு கணீர். இது இழைத்தது... சுருதி எவ்வளவு இறங்கிவிட்டது பாருங்கள், கூடவே துண்டு முழுக்க அதிர்கிறது, விரலில் தெரிகிறது. இந்த இரண்டுக்கும் இடையில் எங்கே நிறுத்துவது என்பதில்தான் என் மாலைகள் எல்லாம் போகின்றன. கூடுதலாகச் சீவினால் கம்பி இழுப்பில் பலகை பிரிட்ஜுக்கு முன்னால் பள்ளம் விழும், குறைவாகச் சீவினால் அழகான, ஆனால் ஊமைக் கிதார். தொழிற்சாலைக் கிதார் பெரும்பாலும் இரண்டாவது பக்கம் நிற்கும், உடைந்து திரும்பி வரக்கூடாது என்பது அவர்கள் கவலை.

பக்கப்பலகை வளைப்பது பார்ப்பவர்களுக்கு ஆச்சரியம், செய்பவனுக்கு அவ்வளவு இல்லை. சூடான இரும்புக் குழாயில் ஈரப்படுத்திய பலகையை அழுத்தி மெல்ல உருட்ட வேண்டும், மரம் இளகும் கணத்தில் கைக்குத் தெரியும். இடுப்பு வளைவில் மட்டும் அவசரப்படக் கூடாது. சைப்ரஸ் வாசனை வீடு முழுக்க நாள்கணக்கில் நிற்கும், என் வீட்டில் இதுவரை புகார் வராத ஒரே விஷயம் அதுதான்.

சென்னையில் இருந்துகொண்டு இதைச் செய்வதில் பெரிய தலைவலி ஈரப்பதம். மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில் ஈரம் குடித்து விரியும், காய்ந்தால் சுருங்கும். மழைக்கால ஈரத்தில் விரிந்திருக்கும் பலகையில் குறுக்குச் சட்டத்தை ஒட்டி, அந்தக் கிதாரை யாராவது மாட்ரிட்டுக்குக் கொண்டுபோனால், பலகை சுருங்கப் பார்க்கும், சட்டம் விடாது, பலகை வெடிக்கும். அதனால் ஒட்டும் வேலையை மட்டும் ஏசி அறையில், ஈரப்பதமானி 45க்கும் 50க்கும் நடுவில் காட்டும்போது செய்கிறேன். பலகையும் சட்டமும் சில நாள் முன்பே அந்த அறைக்குக் குடிபோய்விடும்.

கழுத்துக்குப் போடுவது ஸ்பானிஷ் சிடார். பெயர்தான் சிடார், உண்மையில் நம் வேம்பின் குடும்பம், சுருட்டுப் பெட்டி செய்கிற மரம். விரல்பலகை கருங்காலி. கறுப்புக் கிதார், நெக்ரா என்பார்கள், அதன் முதுகும் பக்கமும் பெரும்பாலும் நம் மேற்குத்தொடர்ச்சி மலை ஈட்டி மரம்தான். 2017இல் உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அந்த மர இனம் முழுவதும் சேர்ந்தபோது கிதார் உலகமே கலங்கிப்போனது, 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு தந்தார்கள். பலகையாக அனுப்புவதற்கு இன்றும் அனுமதிக் காகிதம் வேண்டும். பூச்சுக்கு அவலரக்கு. ஜார்க்கண்ட் பக்கத்து மரக்கிளைகளில் பூச்சி விட்ட அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தில் தொட்டுத் தொட்டு, கண்ணுக்குத் தெரியாத கனத்தில் ஏற்ற வேண்டும். பாலிஷ் கனமானால் இழைத்ததெல்லாம் வீண். தட்டுகிற இடத்தில் மட்டும் மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு, இல்லாவிட்டால் நகம் ஸ்புரூஸைக் குதறிவிடும்.

கடைசியில் எப்போதும் ஒரு சண்டை வரும். பழைய ஃபிளமென்கோ கிதாரில் வயலினைப்போல் கம்பியை முறுக்க மரப் பிரடைதான், பல்சக்கர முறுக்காணி கிடையாது. தலை இலேசாக இருக்கும், மடியில் வைத்தால் கிதார் சமமாக நிற்கும், பார்க்கவும் லட்சணம். எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் வாசிப்பவர் கூட்டத்துக்கு நடுவில் ஒரு கம்பியைச் சுருதி சேர்க்கும்போது பிரடை வழுக்கிவிட்டால் திட்டுவது என்னைத்தான். போன கிதாருக்கு முறுக்காணியே வேண்டும் என்று நண்பர் கேட்டார், போட்டுக் கொடுத்தேன். அடுத்தது எனக்கென்று செய்கிறேன், அதில் பிரடைதான்.