விழப்போகிற பல்தானே?

நேயர்களுக்கு வணக்கம்.

குழந்தைகளின் பல்லுக்கு வைத்தியம் பார்க்கும் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இரவெல்லாம் அழுது, கன்னம் வீங்கிய 4 வயதுப் பேரனை மடியில் வைத்துக்கொண்டு பாட்டி கேட்பார்: "விழப்போகிற பல்தானே டாக்டர், இதற்கு எதற்கு வைத்தியம்?"

விழும்தான். ஆனால் எப்போது? முன்பற்கள் 6, 7 வயதில் ஆடத் தொடங்கும். கடைவாய்ப் பால்பற்களோ 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்கும். அப்படியானால் அந்தப் பேரன் இன்னும் 6, 7 ஆண்டுகள் அந்தச் சொத்தைப் பல்லால்தான் சோற்றை மென்றாக வேண்டும். வலிக்கும் பக்கத்தை ஒதுக்கி மெல்லும் பிள்ளை, நாளடைவில் சாப்பாட்டையே ஒதுக்கிவிடுகிறது.

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்போம் அல்லவா? பால்பல் செய்வதும் அதுவே. அடியில் வளர்ந்துகொண்டிருக்கும் நிலைப்பல்லுக்கு அது இடம் பிடித்து வைத்திருக்கிறது. கடைவாய்ப் பால்பல்லைக் காலத்துக்கு முன்பே பிடுங்க நேர்ந்தால், பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாய்ந்துவிடும். பின்னால் வரும் பல் இடமில்லாமல் கோணிக்கொண்டு முளைக்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 6 வயதையொட்டி, கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். அதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. அதனால் அதையும் பால்பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய பல்! அது சொத்தையாகிப் பிடுங்கும் நாளில் என் மனம் மிகவும் வேதனைப்படும்.

பால்புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்க விடாதீர்கள். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். பல்லைக் கழுவிவிட ஆளில்லாமல் பாலின் இனிப்பு அங்கேயே தங்கும். பால்பல்லின் எனாமல், அதாவது பல்லின் வெளிப்பூச்சு, மெல்லியது; சீக்கிரம் அரித்துவிடும். முதலில் கெடுபவை மேல் முன்பற்கள். கீழ்ப்பற்களை நாக்கு ஓரளவு மறைத்துக் காக்கிறது.

முதல் பல் எட்டிப் பார்த்த நாளிலிருந்தே துலக்கிவிடுங்கள். பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் ஃபுளூரைடு என்ற தாது கலந்த பற்பசை 3 வயது வரை ஓர் அரிசி அளவு, அதன்பின் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு போதும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள், எந்தப் பற்பசை என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்; அங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரிலேயே ஃபுளூரைடு அதிகம். காலையில் துலக்குவதைவிட, இரவு படுக்குமுன் துலக்குவது முக்கியம். 7, 8 வயது வரை பிரஷ் பெரியவர் கையில் இருக்கட்டும்.

இன்றிரவு உங்கள் குழந்தையின் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாகத் தெரிகிறதா? சொத்தையின் தொடக்கம் அது. குழி விழாத இந்த நிலையில் வந்தால், பல்லைக் குடையாமலேயே பெரும்பாலும் அதை நிறுத்திவிடலாம்.

நன்றி, வணக்கம்.