ஏழரைக் கிலோ பன்றித்தொடை, மட்டக்களப்பு வெக்கை: பிரிட்ஜ்ஜில் வைப்பதா, தொங்கவிடுவதா?

[மேசையில் குளம்போடு முழுத் தொடை]

வணக்கம் உறவுகளே. இது கித்தார் இல்லை. பன்றியின் பின்னங்கால், உப்பிட்டு உலர்த்திய ஹாம். எலும்பு, தோல், குளம்பு எல்லாம் அப்படியே இருக்கிறது. கொழும்பில் வாங்கி, இரவு பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டு வந்தேன். பக்கத்துச் சீட்டு ஐயா செங்கலடியில் இறங்கும் வரை மூக்கைச் சுளித்துக்கொண்டே இருந்தார். "கருவாடா தம்பி?" என்று கேட்டார். "ஓம் ஐயா, பன்றிக் கருவாடு" என்றேன். சிரிக்கவில்லை.

ஆனால் அவர் கேட்டதில் பிழை இல்லை. பன்றிக்காலை உப்புக்குள் புதைப்பார்கள், கிலோவுக்கு ஒரு நாள் என்பது பழைய கணக்கு. பிறகு கழுவி மாதக்கணக்கில் தொங்கவிடுவார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீராகவே போய்விடும். இந்த ஹாமுக்கு ஸ்பெயினில் செர்ரானோ, இத்தாலியில் புரொசுட்டோ என்று பெயர். வரலாறு இவ்வளவு போதும்.

ஒரு எச்சரிக்கை: நத்தாருக்கு விற்கிற அவித்த ஹாம் வேறு சாமான். அது பிரிட்ஜ்ஜை விட்டு வெளியே இருக்கவே கூடாது. நான் பேசுவது அவிக்காமல் உலர்த்தியதைப் பற்றி. பன்றி தொடாத உறவுகளே, வீடியோவை மூடிவிடாதீர்கள். மாட்டிறைச்சியில் இத்தாலிக்காரருக்கு பிரெசாவோலா, துருக்கிக்காரருக்கு பஸ்துர்மா இருக்கிறது. பாதுகாக்கிற விதம் அநேகமாக இதேதான்.

[ஊசியின் படம்]

இப்போது எனக்குப் பிடித்த இடம். இத்தாலியில் பார்மா ஊர் ஹாமைச் சோதிப்பவரிடம் இயந்திரம் கிடையாது. குதிரை எலும்பில் செய்த ஊசி ஒன்றுதான் ஆயுதம். தொடையில் ஐந்து இடத்தில் குத்தி இழுத்து, ஒவ்வொரு முறையும் மூக்குக்குக் கொண்டு போவார். ஏன் குதிரை எலும்பு? அதில் நுண்ணிய துளைகள். மணத்தைச் சட்டென்று பிடிக்கும், சட்டென்று விட்டுவிடும், உடனே அடுத்த குத்துக்குத் தயார். எலும்போரத்தில் இறைச்சி கெட்டிருந்தால் வெளியே தெரியாது, ஊசி சொல்லிவிடும்.

இதைப் படித்ததும் எனக்கு அம்மம்மாதான் ஞாபகம் வந்தா. சந்தையில் கட்டாக் கருவாட்டைத் தூக்கிப் பார்த்து, நடுமுள்ளோரம் பெருவிரல் நகத்தால் கீறி, நகத்தை மணப்பா. "மேலெல்லாம் உப்பு மினுங்கும், முள்ளுக்குக் கிட்டப் பாரு" என்பா. கடைக்காரர் முகம் கறுக்கும். பார்மாவில் இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், எங்கள் அம்மம்மாவுக்கு ஏச்சுத்தான் கிடைத்தது.

இன்னொரு சொந்தக்காரரும் இருக்கிறார். நீலப்பச்சையாய் மினுங்கும் முதுகு, சிவந்த கால், அரிசி மணியளவு உடம்பு. இந்த வண்டுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பெயர்: ஹாம் வண்டு, கொப்பரா வண்டு. கருவாட்டையும் விடாது! கொப்பராவும் கருவாடும் காயும் ஊரில் ஹாமைத் திறந்து வைப்பது அதற்குப் பந்தி விரிப்பது மாதிரி.

சரி, தலைப்புக்கு வருவோம். இத்தாலி, ஸ்பெயின் பக்கம் காய்ந்த, குளிர்ந்த அறையில் 15 முதல் 20 பாகையில் தொங்கவிடுகிறார்கள். இங்கே வெயில் காலத்தில் 30-ஐத் தாண்டும். மார்கழி மாரியில் உப்புப் போத்தலே கசியும், வாவிப்பக்க வீடு என்றால் சொல்லவே வேண்டாம். வெட்டாத தொடை என்றால் பருத்தித் துணி சுற்றி ஏசி அறையில் தொங்கவிடுங்கள். வெட்டும் வரை எங்கள் வீட்டில் அது ஏசியில் தூங்கியது, நான் மின்விசிறிக்குக் கீழே. மேலே வெள்ளைப் பூஞ்சணம் படிந்தால் பதற வேண்டாம், எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும்.

வெட்டிய பிறகு? போன முறை நான் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றிக் குசினியில் வைத்தேன். மூன்றாம் நாள் உள்ளே வியர்த்து, தொட்டால் வழுவழுப்பு, புளித்த வாடை. முழுதையும் வளவுக்குள் குழி வெட்டிப் புதைத்தேன். இரண்டு நாள் ஊர் நாய்கள் எல்லாம் அந்த இடத்தையே சுற்றின. ஆகவே இந்த முறை எலும்பைக் கழற்றி, நாலு கட்டியாக்கி, காற்றை எடுத்துப் பொதி செய்து பிரிட்ஜ்ஜில் வைத்துவிட்டேன். ஒவ்வொன்றாகத் திறக்கிறேன். திறந்த கட்டியில் வெட்டிய முகத்தை அதன் கொழுப்புத் துண்டாலேயே மூடி, பட்டர் பேப்பர் சுற்றினால் காயாது.

[கத்தி, பீங்கான்]

பின்னால் இருக்கிற கை தெரிகிற அளவுக்கு மெல்லிசாய்ச் சீவுங்கள். பீங்கானில் பத்து நிமிடம் விட்டால் கொழுப்பு கண்ணாடியாய் மினுங்கும், எங்கள் வெக்கையால் வந்த ஒரே நன்மை. உள்ளே வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சணம் இல்லை. நாள்பட முதிரும்போது புரதம் உடைந்து கட்டிய பளிங்கு.

இத்தாலிக்காரர் இதை மெலன் பழத்தோடு சாப்பிடுவார்கள். நம் வெள்ளரிப்பழமும் தாவரவியல்படி அதே இனம்தான்! வெயில் காலத்தில் வெடித்த வெள்ளரிப்பழத்தை எடுத்து, சீனி போடாமல், மேலே ஒரு சீவல் ஹாம் வையுங்கள். அம்மா இதைப் பாவம் என்கிறா. நான் இரண்டாம் பீங்கானில் இருக்கிறேன்.

எலும்பை வீச வேண்டாம். மஞ்சளித்த கொழுப்பைச் சீவிவிட்டு, கொண்டைக்கடலையோடு அவித்தால் உப்பே போடத் தேவையில்லை. அப்புறம், உங்கள் வீட்டில் மாரிக்குக் கருவாட்டை எதில் போட்டு வைப்பார்கள்? பானையா, டின்னா, அடுப்புக்கு மேல் பரணா? கீழே எழுதுங்கள். அடுத்த தொடைக்கு எனக்கு யோசனை தேவை.