வசம்பு: தொப்புளில் தடவலாம், நாக்கில் தடவலாமா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வசம்பு இல்லாமல் இருப்பது அரிது. நாட்டு மருந்துக் கடையில் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று கேட்டாலும் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். ஓடைக்கரையிலும் சதுப்பு நிலத்திலும் வளரும் இச்செடியின் மருந்துப் பகுதி, மண்ணுக்குள் கணுக்கணுவாகப் படரும் நறுமணக் கிழங்கு. கர்நாடகத்தின் தும்கூர்ப் பகுதியில் இதைப் பயிராகவே வளர்க்கிறார்கள்.

பசியைத் தூண்டவும், வயிற்று உப்புசத்தைத் தணிக்கவும் சித்த மருத்துவம் வசம்பைப் பயன்படுத்துகிறது. குழந்தைகளுக்கான உரை மாத்திரையில் சுக்கு, கடுக்காய், சாதிக்காய் முதலியவற்றோடு இதுவும் ஒரு சரக்கு. வயிறு உப்பி அழும் குழந்தைக்கு, சுட்ட வசம்பை விளக்கெண்ணெயில் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவது வீட்டு வைத்தியம். பூச்சிகளை விரட்டும் ஆற்றலோ இன்னும் தெளிவானது: தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளைக் காக்கும் பொடியில் கருஞ்சீரகம், இலவங்கம், மிளகு, பட்டை ஆகியவற்றுடன் வசம்பும் சேர்கிறது.

பூச்சிகளைத் தாக்குவதில் முக்கியப் பங்கு வகிக்கும் பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருளே, மனிதர்கள் வசம்பை உட்கொள்வதில் கவலைக்கும் காரணமாகிறது. 1960-களில், ஜம்முவிலிருந்து பெறப்பட்ட வசம்பின் எண்ணெயை உணவில் கலந்து எலிகளுக்கு நீண்டகாலம் கொடுத்தபோது அவற்றின் குடலில் கட்டிகள் தோன்றின. அதையடுத்து 1968-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வசம்பை உணவில் சேர்ப்பதற்குத் தடை விதித்தது. வட அமெரிக்காவில் இயற்கையாக வளரும் இரட்டைக் குரோமோசோம் தொகுதி கொண்ட வகையில் இப்பொருள் இல்லை என்றே சொல்லலாம். ஐரோப்பிய வகையில் சிறிதளவு உண்டு. இந்தியாவில் பரவலாக உள்ள, நான்கு தொகுதிகள் கொண்ட வகையின் எண்ணெயிலோ பெரும்பகுதி இதுவே. ஆகவே, வெளிநாட்டார் வசம்புத் தேநீர் அருந்துவதைக் காட்டி நம் கடைச்சரக்கும் பாதுகாப்பானதுதான் என்று வாதிடுவது பொருந்தாது.

எலிக்குக் கொடுத்த அளவும் குழந்தைக்கு உரசும் அளவும் ஒன்றல்ல என்பது உண்மைதான். நம் பாட்டிமார் வசம்பை விளக்கெண்ணெய் தோய்த்துத் தீபத்தில் கருகச் சுட்டு, கல்லில் ஓரிரு இழைப்பு மட்டுமே இழைத்தார்கள்; கருகும்போது வசம்பிலுள்ள எண்ணெயில் கணிசமான பங்கு ஆவியாகிவிடும். இந்தச் சுத்திகரிப்பு முறையையெல்லாம் விட்டுவிட்டு, பச்சைக் கிழங்கின் பொடியைத் தேனில் குழைத்து, ‘பேச்சு சீக்கிரம் வரும்’ என்று நாள்தோறும் நாக்கில் தடவுவதைப் பாட்டி வைத்தியம் என்று சொல்வது பாட்டிக்குச் செய்யும் அநியாயம். தேனையே ஒரு வயதுக்கு முன் கொடுக்கக் கூடாது. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் தவிர வேறு எதுவும் வேண்டியதில்லை. உரசும் கல் தூய்மையாக இல்லாவிட்டால் கிருமிகளும் சேர்ந்தே உள்ளே போகும்.

வசம்புத் துண்டுகளை நூலில் கோத்துக் குழந்தையின் கையில் கட்டும் வசம்பு வளையல் இன்னொரு கவலை. நூல் அறுந்தால் ஒரு துண்டு போதும், மூச்சுக்குழாயை அடைக்க.

கருவுற்ற பெண்களும், வலிப்புக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை எடுப்பவர்களும் வசம்பை உட்கொள்வதைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்களும் பதிவு பெற்ற சித்த மருத்துவர் அளவும் நாளும் குறித்துக் கொடுத்தாலன்றி உட்கொள்ள வேண்டாம். தோலில் தடவுவதாயினும், முதலில் சிறிய இடத்தில் தடவிப் பார்த்து, எரிச்சலோ தடிப்போ வந்தால் கழுவிவிடுங்கள்.

வசம்பு உள்ளே போன பிறகு குழந்தை தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து உறங்கினாலோ, வீட்டில் வேறு கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல், எஞ்சிய கிழங்கையோ பொடிப் பொட்டலத்தையோ கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வணக்கம்.