தாத்தாவின் புல்லட்டை ஒரிஜினலாக வைத்துக்கொண்டே ஊர் சுற்ற முடியுமா? – நேயர் சந்தேகம்

அம்பத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, வணக்கம். தாத்தா 1972-ல் வாங்கிய புல்லட் 350 வீட்டில் இருக்கிறது. பல வருஷமாக ஓடவில்லை. கடையில் கேட்டால், எல்லாவற்றையும் பிரித்து, புது பெயிண்ட் அடித்து, குரோம் ஏற்றி, டிஸ்க் பிரேக்கும் செல்ஃப் ஸ்டார்ட்டும் வைத்துத் தருகிறோம் என்கிறார்கள். எனக்கு அதை ஒரிஜினலாகவே வைத்துக்கொள்ள ஆசை. லடாக் போகவும் ஆசை. இரண்டும் நடக்குமா?"

நடக்கும். இந்தக் கேள்வியைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். ஒரிஜினலாக வேண்டும் என்று கேட்கிற ஆட்கள் நிறைய. ஆனால் அதை ஓட்டவும் வேண்டும் என்று கேட்கிறவர்கள் குறைவு. இந்தத் தம்பி இரண்டையும் சேர்த்துக் கேட்கிறார்.

வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும். பிரிக்காதீர்கள், முதலில் ஓட வையுங்கள். ஓடாத வண்டியைப் பிரித்தால் எது நன்றாக இருந்தது, எது கெட்டுப்போயிருந்தது என்று கடைசிவரை தெரியாது. நன்றாக இருந்த சாமானும் சேர்ந்து பழைய இரும்புக்குப் போய்விடும். தாத்தா காலத்து போல்ட்டுகளில் பல இங்கிலாந்து அளவு, அங்குலத்துக்கு 26 புரி உள்ள சைக்கிள் த்ரெட். கடையில் ஒரு போல்ட் தொலைந்தால் கைக்குக் கிடைத்த மில்லிமீட்டர் போல்ட்டை வைத்து முறுக்கிவிடுவார்கள். அன்றைக்கு இறுகும். ஆறு மாதம் கழித்து புரியோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

எப்படி ஓட வைப்பது? பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். சுற்றினால் பாதி பயம் போய்விட்டது. அடுத்தது ஆயில். இந்த எஞ்சினில் ஆயில் டேங்க் தனியாக வெளியே கிடையாது, எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் வார்ப்பிலேயே ஓர் அறையாக இருக்கும். வண்டி ரொம்ப நாள் நின்றால் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் இருக்கும் பக்கம் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் காய்ந்திருக்கும். உடனே ஒரு பாட்டிலை ஊற்றிவிடுவோம். ஏற்கெனவே கீழே ஒரு எஞ்சினுக்கு வேண்டிய ஆயில் இருக்கிறது என்பது ஸ்டார்ட் செய்து, தெரு முழுக்கப் புகை போன பிறகுதான் தெரியும். அதனால் அடியில் உள்ள ட்ரெய்ன் போல்ட்டுகளைத் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டு, ஃபில்டரை மாற்றி, புது 20டபிள்யூ-50 ரக எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள்.

வால்வைத் தள்ளித் திறக்க உதவுகிற டேப்பட்டையும் அப்போதே பார்த்துவிடலாம். வலது பக்கம் சிலிண்டருக்கு அடியில் ஒரே நட்டில் நிற்கிற மூடி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது திறந்து, உள்ளே நிற்கிற தள்ளுகம்பியை, அதாவது புஷ்ராடை, இரண்டு விரலால் திருப்பிப் பாருங்கள். சுலபமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் எதுவும் வேண்டாம், விரலே போதும். அலுமினிய புஷ்ராடுக்கு அதுதான் கணக்கு.

சரி, பெயிண்டுக்கு வருகிறேன். அடிக்காதீர்கள். டேங்கில் இருக்கிற தங்கக் கோடு திருவொற்றியூர் தொழிற்சாலையில் ஒருவர் தூரிகை பிடித்துக் கையால் இழுத்தது. மெல்லிய துணியில் துளி மண்ணெண்ணெய் தொட்டு, ஓரமாக ஒரு இடத்தில் சோதித்துவிட்டுத் துடையுங்கள். அழுக்கு போனதும் கோட்டை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். தூரிகை வைத்த இடத்தில் கொஞ்சம் தடித்து, எடுத்த இடத்தில் மெலிந்திருக்கும். பஃபிங் மெஷினை வைத்தால் முதலில் போவது அந்தக் கோடுதான். தாத்தாவின் முழங்கால் பட்டுத் தேய்ந்த இடம் தேய்ந்தே இருக்கட்டும். துருவை மட்டும் நிறுத்துங்கள், அதன் மேல் மெழுகு போடுங்கள். சென்னை உப்புக் காற்றுக்கு மெழுகை மறந்தால் குரோம் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

பஃபிங் என்றதும் ஞாபகம் வருகிறது. தெரிந்தவர் ஒருவர் ஒரு கடையில் வண்டியைக் கொடுத்தார். பெயர் வேண்டாம். கண்ணாடி மாதிரி பளபளவென்று திரும்பி வந்தது. ஆர்.சி. புதுப்பிக்கப் போன இடத்தில் சேஸிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கிறார்கள். காகிதத்தில் பாதி எண் இல்லை. மணல் அடித்து, புட்டி போட்டு, கனமாகப் பவுடர் கோட்டிங் செய்ததில் எண்ணின் பள்ளம் நிரம்பிப் போயிருக்கிறது. எஞ்சின் நம்பரிலும் பஃபிங் பட்டுவிட்டது. அதற்காக அவர் அலைந்த அலைச்சலை நினைத்தால் எனக்கே கால் வலிக்கிறது. யாரிடம் கொடுத்தாலும் சரி, முதலில் நீங்களே ஒரு பென்சில் அச்சு எடுத்து, ஆர்.சி.யோடு ஒப்பிட்டு, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.சி. என்றதும் இன்னொன்று. ஐம்பது வயது தாண்டிவிட்டது, விண்டேஜ் நம்பர் வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதி அது. நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பிறகு வி.ஏ. என்று வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். கௌரவம்தான். ஆனால் அந்தப் பதிவோடு சாலையில் வழக்கமாக ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது, இப்படிச் சில காரியங்களுக்குத்தான் வெளியே எடுக்கலாம். ஊர் சுற்ற நினைக்கிற உங்களுக்கு அது காலில் கட்டிய கயிறு. பழைய ஆர்.சி.யையே புதுப்பித்து வைத்திருங்கள். முழுக்க மாற்றிவிட்ட வண்டிக்கு அந்த விண்டேஜ் பதிவே கிடைக்காது என்பதையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது.

தம்பி, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். எதை ஒரிஜினலாக வைக்கக் கூடாது? உயிரோடு சம்பந்தப்பட்ட எதையும் வைக்கக் கூடாது. டயரில் பட்டன் நிறைய இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு இருந்தால் தூக்கிப் போடுங்கள். 19 அங்குல வீலுக்கு 3.25 அளவு டயர் இன்றைக்கும் கிடைக்கிறது. டியூபையும் சேர்த்து மாற்றுங்கள். பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் எல்லாம் புதிது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும், ட்ரம்மைத் திறந்தால் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். ஒயரிங்கின் துணி உறை நொறுங்குகிறதென்றால் அதே நிறத்தில் புது ஒயர் இழுங்கள். கழற்றியதை எல்லாம் டப்பாவில் போட்டு, பேர் எழுதி வையுங்கள். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் எல்லாம் கிடைக்கும்தான். ஆனால் உங்கள் வண்டியோடு வந்த சாமான் அங்கே கிடைக்காது.

பெட்ரோல் குழாயை மறக்காதீர்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும், நம்மூரில் ஈரத்துக்குப் பஞ்சமா? அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் பிரிந்து டேங்கின் அடியில் தங்கி, உள்ளிருந்தே துரு பிடிக்கும். எத்தனால் தாங்கும் குழாய் போடுங்கள். வண்டியை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பெட்ரோலை அடைத்து, கார்புரேட்டர் காலியாகும்வரை ஓடவிடுங்கள்.

டிஸ்க் பிரேக், செல்ஃப் ஸ்டார்ட் இரண்டும் வேண்டாம். டிஸ்க் வைக்க ஃபோர்க்கை, வீலை எல்லாம் மாற்ற வேண்டும், பிறகு எது தாத்தா வண்டி? செல்ஃப் இல்லாவிட்டால் என்ன, மின்னோட்டத்தைக் காட்டுகிற அம்மீட்டர் இருக்கிறதே. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்துங்கள். முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றுகிற டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் கீழே கொண்டுபோய், லிவரை விட்டுவிடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, முழுசாக ஒரு மிதி. பலம் வேண்டாம், பொறுமை இருந்தால் போதும். கியர் வலது கால், பிரேக் இடது கால் என்பது உடம்புக்குள் இறங்கும்வரை அண்ணா சாலைப் பக்கம் போகாதீர்கள். முதல் கியர் மேலே, மற்றதெல்லாம் கீழே. அவசரத்தில் இடது கால் கியரைத் தேடும், அந்த நேரத்தில் முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ நிற்கும்.

லடாக்கைப் பிறகு பார்த்துக்கொள்வோம். முதலில் விடியற்காலையில் ஈசிஆரில் மாமல்லபுரம். அது சரியாக இருந்தால் புதுச்சேரி. பிறகு ஏலகிரி, 14 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள், ட்ரம் பிரேக்கைச் சூடேற்றாதீர்கள். சமதளத்தில் மணிக்கு 60, 65-ல் வைத்திருங்கள், நாள் முழுக்க ஓடும். 80-க்கு விரட்டினால் அது ஓடுகிற ஓட்டம் வேறு, உங்கள் செலவும் வேறு. ஏலகிரிக்குப் போய்த் திரும்பிய வண்டி என்றால் லடாக் பற்றி மறுபடி கேளுங்கள். உயரத்தில் காற்று மெலிந்து போவதால் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்துகிற துளையான ஜெட்டைச் சின்னதாக மாற்ற வேண்டிவரும், அதை அப்போது விளக்குகிறேன்.

இப்போதைக்கு ஒரு காரியம் செய்யுங்கள் தம்பி. டேங்க் மூடியைத் திறந்து, உள்ளே டார்ச் அடித்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பெட்ரோல் ஆவி இருக்கும், தீக்குச்சி மட்டும் வேண்டாம். துரு எவ்வளவு என்று பார்த்துவிட்டு, டேங்கைக் கழுவினால் போதுமா, உள்பூச்சு வேண்டுமா என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.