வேலூர்ல வீடு கட்டுறீங்களா? ரூஃப் போடுறதுக்கு முந்தின நாள் கம்பிய யாரு பாக்குறாங்க?

வணக்கம்ங்க. காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம்னு எந்தப் பக்கம் போனாலும் சென்ட்ரிங் பலகையும் ஜல்லியுமாத்தான் கெடக்கு. பெரும்பாலும் மெட்டீரியலோட சேர்த்து சதுர அடி ரேட்டு பேசி விட்டுடுறீங்க. "கான்ட்ராக்டர்கிட்டயே இன்ஜினியர் இருக்காரே"ன்னு கேப்பீங்க. அவருக்குச் சம்பளம் குடுக்குறது யாரு? அதனாலதான் உங்க காசுல, உங்களுக்காக மட்டும் பாக்குற சிவில் இன்ஜினியர் ஒருத்தர் வேணும்.

ஆனா "வாரம் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க சார்"னு பேசிடாதீங்க. அவரு வியாழக்கிழமை வர்றாரு, பெல்ட் (சுவத்தோட ஓடுற கான்கிரீட் பட்டை) புதன்கிழமையே போட்டாச்சுன்னா வந்து என்னத்த பாப்பாரு? கான்கிரீட்டுக்குள்ள போன கம்பி போனதுதான். மூடப்போற வேலையப் பாக்கத்தான் அவரு வரணும். கடக்கால் தோண்டி முடிஞ்சதும், பூட்டிங் (பில்லருக்கு அடியில வர்ற அஸ்திவாரம்) கம்பி கட்டினதும், பில்லருக்குப் பலகை அடைக்கிறதுக்கு முன்ன, பெல்ட், ரூஃப். அப்புறம் சுவத்துக்குள்ள போற பைப்புக்குப் பூச்சுக்கு முன்ன பிரஷர் டெஸ்ட், டைல்ஸுக்கு முன்ன பாத்ரூம்ல தண்ணி நிறுத்திப் பாக்குறது. இந்த இடத்துலயெல்லாம் அவரு கையெழுத்து இல்லாம அடுத்த வேலையும் நகரக்கூடாது, அந்த ஸ்டேஜ் பணமும் போகக்கூடாது. இத கான்ட்ராக்டர் அக்ரிமென்ட்ல எழுதுங்க. இன்ஜினியர்கிட்ட மட்டும் எழுதி வாங்குனா சைட்ல ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க.

ரூஃப் கம்பிதான் ரொம்ப முக்கியம். ஸ்லாப் அடியில 20 மில்லிமீட்டர், பில்லர்ல 40, பூட்டிங்ல 50 கவர் இருக்கணும், அதாவது கம்பிக்கு வெளிய அவ்ளோ கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருக்கணும். அந்த இடைவெளிக்காக கம்பிக்கு அடியில வெக்கிற கவர் பிளாக்குக்குப் பதிலா ஜல்லித் துண்டு சொருகியிருந்தா, ஆள் நடக்குறப்பவே நழுவிடும், கம்பி பலகையில ஒட்டிக்கும். சன்ஷேடு, பால்கனி மாதிரி வெளிய நீட்டுற இடத்துல மெயின் கம்பி மேல் பக்கம் இருக்கணும். கான்கிரீட் கொட்டுறவங்க அத மிதிச்சு கீழ அமுக்கிடுவாங்க, பின்னாடி சுவத்தோரமா விரிசல் விடும். அதனால போடுற அன்னிக்கும் இன்ஜினியர் நிக்கணும். 2016 நிலநடுக்க வரைபடத்துல வேலூர் மண்டலம் 3-ல வருது. பீம், பில்லர் கம்பியச் சுத்திக் கட்டுற ரிங்கோட கொக்கி 135 டிகிரி உள்ள மடங்கியிருக்கணும், வெறும் எல் மாதிரி 90 டிகிரி பத்தாது. பீமும் பில்லரும் சேர்ற இடத்துல கை நுழையாதுன்னு ரிங்கையே விட்டுடுவாங்க. டார்ச் அடிச்சுப் பாக்கணும்.

அடுத்து மில்லர், அதான் கான்கிரீட் கலக்குற மிஷின். கலவை சுலபமா ஓடட்டும்னு தண்ணி ஊத்திக்கிட்டே இருப்பாங்க. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 கணக்குல, எம்20 தரத்துக்கு நிர்ணயிச்ச அளவுல கலக்குற நாமினல் மிக்ஸுக்கு 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டர்தான் உச்சம், மணல் ஈரமும் அதுல அடக்கம். ஆயிரம் சதுர அடி, 5 இஞ்ச் ரூஃபுன்னா ஏறக்குறைய 12 கன மீட்டர். அதுக்கு 2 சாம்பிள், சாம்பிளுக்கு 3 கியூப் (பலம் பாக்க ஊத்தி வெக்கிற கான்கிரீட் கட்டி), ஆக 6. 28 நாள் கழிச்சு லேப்ல ஒடைக்கணும். கியூபுக்கான கலவைய உங்க இன்ஜினியர் கண்ணு முன்னாடி எடுக்கணும். இல்லன்னா தனியா நல்லா கலந்து ஊத்தி வெச்சிருப்பாங்க!

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்காரங்க இத கவனிங்க. தோல் கழிவால பாலாத்துப் படுகை கெட்டது 1996-லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வரைக்கும் போன விஷயம். போர் தண்ணிய லேப்ல குடுத்து குளோரைடு பாருங்க. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல கூடாது. தாண்டுனா உள்ள கம்பி துரு பிடிச்சு உப்பும், கான்கிரீட் பொளந்து விழும். அப்ப நல்ல தண்ணி லாரிதான் வழி.

பிபிசி (சாம்பல் மாதிரி பொருள் கலந்த பிபிசி வகை, PPC) சிமெண்டுன்னா கொறஞ்சது 10 நாள் க்யூரிங், அதாவது கான்கிரீட்ட ஈரமாவே வெக்கிறது. நம்ம ஊரு மே மாச வெயில்ல பாத்தி கட்டித் தண்ணி நிக்கணும், ஓஸ்ல தெளிச்சுட்டுப் போனா மதியத்துக்குள்ள காஞ்சிடும்.

ஃபீஸ மொத்தச் செலவுல இத்தன சதவீதம்னு பேசாதீங்க. செலவு ஏற ஏற அவருக்கும் ஏறும். விசிட்டுக்கு இவ்ளோன்னு பேசுங்க. கம்பி, சிமெண்ட் கடையில கமிஷன் வாங்குறவரா இருந்தா வேண்டாம். பழைய ரிப்போர்ட் ஒண்ணு காட்டச் சொல்லுங்க. டேப் வெச்ச போட்டோ, டிராயிங் நம்பர், எத எப்போ சரி பண்ணணும்னு இருக்கணும். "ஓகே"ன்னு ஒரு வரி மட்டும் இருந்தா வேற ஆளப் பாருங்க. கான்ட்ராக்டர் 48 மணி நேரத்துக்கு முன்னாடியே அவருக்குத் தகவல் சொல்லணும்னும் அக்ரிமென்ட்ல சேர்த்துடுங்க. அப்பத்தான் தப்பான கம்பிய அவுத்துக் கட்ட நேரம் இருக்கும்.