அவித்த கடலையில் உப்பு ஏறவில்லையா? குக்கரைத் திறக்காமல் இருங்கள்!

வணக்கம். பேருந்து நிலையத்துத் தள்ளுவண்டியில் ஒரு பொட்டலம் அவித்த கடலை வாங்கி முதல் காயை உடைத்தால், உள்ளிருந்து உப்புத் தண்ணீர் விரலில் வழிகிறது. அதே கடலையை வீட்டுக்கு வாங்கி வந்து, ஒரு கைப்பிடி உப்பைக் கூடுதலாகவே போட்டு அவித்தாலும், ஓடு கரிக்கிறதே தவிர பருப்பு சப்பென்று இருக்கிறது. வண்டிக்காரர் ஏதோ மருந்து போடுகிறார் என்று சந்தேகப்படுவோர் உண்டு. நானும் அப்படி நினைத்தவன்தான். தவறு உப்பின் அளவில் இல்லை, குக்கரைத் திறந்த நேரத்தில் இருக்கிறது. ஆகவே இந்த வீடியோவில் நாம் கடலை போடப் போவதில்லை. அவிக்க மட்டுமே போகிறோம்.

(காட்சி: மண்ணோடு பிடுங்கிய செடி)

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். தென்னமெரிக்காவில் தோன்றிய இந்தப் பயிர் கடல் கடந்து நம்மிடம் வந்து, மணிலாக்கொட்டை என்று பெயர் பெற்று, விழுப்புரம், கடலூர் பக்கத்து வாயில் மல்லாட்டையாகி, இலங்கையில் கச்சானாக விற்கிறது. வேர்க்கடலை என்று நாம் சொன்னாலும் அது வேரில் காய்ப்பதே இல்லை. மஞ்சள் பூ மண்ணுக்கு மேலேதான் பூக்கிறது. கருவுற்ற பிறகு அதிலிருந்து ஊசி போன்ற ஒரு காம்பு நீண்டு, தலைகுனிந்து மண்ணுக்குள் இறங்கி, நுனியில் காயாகத் திரள்கிறது. ஓட்டின் வரிப்பள்ளங்களில் மண் ஒட்டியிருப்பது இதனால்தான். தண்ணீர் தெளியும் வரை, குறைந்தது நான்கு முறையாவது, காய்களை ஒன்றோடொன்று தேய்த்துக் கழுவுங்கள்.

வாங்கும்போது ஒரு காயை உடைத்து, பருப்பைப் பார்ப்பதற்கு முன் ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். பால் வெள்ளையாக இருந்தால் பிஞ்சு; பழுப்பும் கருமையும் திட்டுத்திட்டாகப் படர்ந்திருந்தால் முற்றிய காய். நீர் வற்றாத பச்சைக் காய்தான் அவிக்க ஏற்றது. பூஞ்சணம் பிடித்ததையும் பருப்பு கறுத்ததையும் தயங்காமல் எறிந்துவிடுங்கள். பூஞ்சையிலிருந்து வரும் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு, கொதிக்க வைப்பதால் அழிவதில்லை.

ஒரு கிலோ பச்சைக் காய்க்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் 80 கிராம் கல் உப்பும் எடுத்துக்கொள்கிறேன். இவ்வளவா என்று திகைக்க வேண்டாம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நம்முடையது அதைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். மெரினாவில் அலை மோதி வாய்க்குள் போன தண்ணீரின் ருசி நினைவிருந்தால் தராசு தேவையில்லை. கடலைக்குக் கடல்தான் அளவு! இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், நான்கைந்து விசில் வந்ததும் தீயைக் குறைத்துப் பத்து நிமிடம் விட்டு அணைத்துவிடுங்கள்.

இப்போதுதான் உண்மையான சமையல் தொடங்குகிறது. கடலைக் காய்க்குள் பருப்புக்கும் ஓட்டுக்கும் நடுவே ஒரு சிறு வெற்றிடம் இருக்கிறது. காதருகே வைத்துக் குலுக்கினால் முற்றிய காயில் பருப்பு ஆடும் ஓசை கேட்கும். சூடு ஏறும்போது அந்த இடத்திலுள்ள காற்று விரிந்து வெளியேற, அங்கே நீராவி நிறைகிறது. அடுப்பை அணைத்து மெல்ல ஆறவிட்டால், அந்த நீராவி குளிர்ந்து நீர்த்துளிகளாகச் சுருங்கி, உள்ளே அழுத்தம் குறைந்து, வெளியே உள்ள உப்புத் தண்ணீரைக் காய் தானே உறிஞ்சிக்கொள்கிறது. அதாவது ஒவ்வொரு கடலையும் ஒரு குட்டி உறிஞ்சுகுழல். நாமோ பொறுமையில்லாமல் விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றி, சுடச்சுட வடிகட்டிவிடுகிறோம். அப்படிச் செய்தால் காய்க்குள் இருக்கும் கொஞ்சநஞ்ச நீரும் ஆவியாகி வெளியேறிவிடுகிறது, உறிஞ்ச வேண்டிய நேரத்தில் காய்க்குக் கிடைப்பது வெறும் காற்று!

நம்பாதவர்கள் மூடியைத் திறந்ததும் பாருங்கள். (காட்சி: குக்கருக்குள் மிதக்கும் காய்கள்) பெரும்பாலானவை மிதக்கும். அப்படியே அந்தத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தால், ஒவ்வொன்றாக மூழ்கத் தொடங்கியிருக்கும். மூழ்கிய காயையும் மிதக்கும் காயையும் அடுத்தடுத்து உடைத்துத் தின்று பாருங்கள். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

காய்ந்த கடலைக்காய்தான் கிடைக்கிறது என்றால் இரவு முழுவதும் ஊறவைத்து, விசிலை இரட்டிப்பாக்குங்கள்.

அவித்த கடலை நம் ஊர்ப் பழக்கம் மட்டும்தான் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம் 2006ஆம் ஆண்டு இதைத் தன் அதிகாரப்பூர்வ மாநிலத் தின்பண்டமாகச் சட்டம் போட்டே அறிவித்திருக்கிறது. அங்கும் சாலையோரத்தில் பெரிய பாத்திரத்தில் அவித்து விற்கிறார்கள். தகர டப்பாவில் அடைத்தும் விற்கிறார்கள். டப்பா கடலைக்கு என் ஆதரவு கிடையாது.

வடித்த கடலையை வெளியே வைத்தால் மறுநாளே பிசுபிசுத்துவிடும். குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். எங்கள் வீட்டில் அது மாலை தாண்டியதில்லை. உங்கள் ஊரில் இதற்கு மல்லாட்டையா, கடலைக்காயா, கச்சானா என்று கீழே எழுதுங்கள். மிதந்தவை எத்தனை, மூழ்கியவை எத்தனை என்ற கணக்கையும் சேர்த்தே எழுதுங்கள்.