கோளாறு கையிலா, சீட்டிலா?

நடுவர் அவர்களே, வணக்கம். வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இன் விருதுகளில் ஏடாகூடமான தேர்வுகள் வருவதற்குக் காரணம் வாக்களிப்பவரா, வாக்குமுறையா? முறைதான் என்கிறது எங்கள் அணி.

எதிரணி நண்பர் 2023-ஐ எடுத்து வைத்தார். தன் அணிக்கு அதிக மதிப்புள்ள ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பைக்கு வாக்களித்த 196 விளையாட்டு எழுத்தாளர்களில் 195 பேர் ஆட்டக்காரர் மெக்டேவிட்டை வாக்குச்சீட்டில் முதலிடத்தில் எழுத, ஒருவர் மட்டும் ஐந்தாம் இடத்துக்குத் தள்ளிவிட்டார். நண்பரின் கோபம் நியாயம்தான். ஆனால் கணக்கு என்ன? ஐந்து இடங்களுக்கு 10, 7, 5, 3, 1 புள்ளி. மொத்தம் 1,951. போனது வெறும் 9. கோப்பை அசையவில்லையே ஐயா!

அதே கோப்பைக்கு 2000-க்கு வாருங்கள். வாக்குப் புள்ளியில் கிறிஸ் பிராங்கர் 396, யாரோமிர் யாகர் 395. ஒரே ஒரு சீட்டில் யாகர் மூன்றிலிருந்து இரண்டுக்கு ஏறியிருந்தால் கோப்பை கைமாறியிருக்கும். 63 ஆட்டத்தில் கோலும் அசிஸ்டுமாக (அசிஸ்ட் என்றால் கோலுக்கு வழிவகுத்த பாஸ்) 96 எடுத்து லீக்கிலேயே முன்னால் நின்றவர் யாகர். எழுத்தாளர்களுக்குக் கண் இல்லையா? இருக்கிறது. விதி 'சிறந்த ஆட்டக்காரர்' என்று கேட்கவில்லை, 'தன் அணிக்கு அதிக மதிப்புள்ளவர்' என்கிறது. அதை எதை வைத்து அளப்பது என்று சொல்லவுமில்லை. ஆளுக்கொரு படியால் அளந்தார்கள்.

நாரிஸ் கோப்பையும் அப்படித்தான். தடுப்பாட்டக்காரரின் 'எல்லாத் திறமையும்' பார்க்கச் சொல்கிறது. 2016-இல் எரிக் கார்ல்சன் கோலும் அசிஸ்டுமாக 82 எடுத்தார், அதில் 66 அசிஸ்ட், லீக்கிலேயே அதிகம். கோப்பை 51 எடுத்த ட்ரூ டவுட்டிக்கு. தடுப்புக்கு எத்தனை பங்கு, தாக்குதலுக்கு எத்தனை பங்கு? சீட்டில் பதில் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல் 2013. ஒவ்வொரு இடத்துக்கும் பருவத்தின் சிறந்தவரை எழுத்தாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது ஆல்ஸ்டார் அணி. தாக்குதல் ஆட்டக்காரர் ஒவெச்கின் அந்தப் பருவம் இடது விங்கிலிருந்து, அதாவது இடது ஓரத்திலிருந்து, வலது விங்குக்கு மாறினார். சிலர் வலதில் எழுதினார்கள், சிலர் பழைய பழக்கத்தில் இடதில். எண்ணியவர்கள் தனித்தனியாகவே எண்ண, ஒரே மனிதர் முதல் ஆல்ஸ்டார் அணியில் வலது விங், இரண்டாம் அணியில் இடது விங்! இடம் தப்பினால் சீட்டைத் திருப்பி அனுப்பும் ஒரு சரிபார்ப்பு இருந்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது.

தவறான வாக்காளரை நீக்குங்கள் என்கிறார் நண்பர். எழுத்தாளர்களின் சீட்டு 2018 முதல் வெளியாகிறது, சரி. கோல்கீப்பருக்கான வெசினாவுக்கு வாக்களிப்பவர்கள் அணிகளின் பொது மேலாளர்கள். அவர்கள் சீட்டு வெளியே வருவதில்லை. அங்கே யாரை நீக்குவார்?